ஆறாம் நம்பர் கோர்ட்டின் வெள்ளைக் கோடு

யாராவது வீட்டில் செய்து கொண்டுவந்து கொடுத்தால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடுகிற ஆள் நான். பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. எங்கள் சர்ச்சில் ஓர் அம்மாள் பூசணிக்காயும் சீஸும் சேர்த்துச் சுட்டு ஒன்று செய்வார். முதல் முறை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். என் மனைவி விவாகரத்து கேட்டபோதுகூட, "சரிம்மா, உனக்கு எந்தக் கிழமை வசதி?" என்றுதான் கேட்டேன். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவள் கேட்டபோதும் ஏறக்குறைய அதே பதில்தான்.

நீங்கள் கேட்டது ஆணியைப் பற்றி. தெரிகிறது, மேடம். ஆணிக்குப் போகிற வழி இதுதான்.

எங்கள் கிளப்பின் ஜூனியர் டென்னிஸ் போட்டியைப் பதினோரு வருடமாக நான் நடத்துகிறேன். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் முப்பத்திரண்டு பேர் ஆடலாம். முப்பத்தோரு பேர் புள்ளிக் கணக்கில் உள்ளே வருவார்கள். மிச்சம் ஓர் இடம் என் கையில். அதற்குப் பெயர் வைல்டு கார்டு. யாருக்குக் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அடிபட்டு ஓய்விலிருந்து திரும்புகிறவள், ஊர் ஊராகப் போய் ஆட வழியில்லாமல் புள்ளி சேராதவள், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் அந்த இடம் என்று கூட்டங்களில் எல்லோரும் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். நன்றாகவே பேசுவேன். பேசி முடித்து, கூடாரம் போட்டுக் கொடுக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அதைக் கொடுப்பேன்.

இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு ஒரு பெஞ்சு இருக்கிறது. என் மேசைக்கு நேர் எதிரே. காலையில் வந்து பெயர் சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் பந்து போடுவதற்குள் யாராவது விலகினால், பெஞ்சில் முதலில் இருப்பவள் ஆடலாம். அடுத்தவளுக்கு வயிறு வலிக்க வேண்டும், கார் பஞ்சர் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நல்ல பிள்ளைகள். பதினோரு வருடமாக அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இளகிய மனசு. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

இந்த வருடம் பெஞ்சில் முதல் ஆள் இமானி கெய்தர். அப்பா கர்டிஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சனி, ஞாயிறில் பக்கத்து ஊர்ப் போட்டிகளுக்கு மட்டும்தான் அவரால் மகளைக் கூட்டிப்போக முடியும். அதனால் புள்ளி கொஞ்சம் குறைவு. ஆட்டம் குறைவில்லை. அந்தப் பெண் களிமண்ணில் சறுக்கிப் போய்ப் பந்தை எடுப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்த முறை மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிற பயிற்சியாளர் எங்கள் போட்டிக்கு வருவதாக இருந்தது. அவர் கண்ணில் பட்டால் அவள் எங்கேயோ போய்விடுவாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

கர்டிஸ் போன் செய்தார்.

"இந்தத் தடவையாவது எம்பொண்ணுக்கு ஒரு வழி உண்டா, லோவெல்? அந்த முகாம் கோச் வர்றாராமே."

"பார்க்கலாம், கர்டிஸ்."

"நீங்க பார்க்கலாம்னு சொன்னதே போதும். மத்த எடத்துல எல்லாம் பேச்சை முடிக்கிறதுக்குள்ள போனை வெச்சிடறானுங்க."

அந்த இடத்தை இமானிக்கே கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு ரஸ் ஸ்ட்ரிக்லண்ட் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ரஸ்ஸுக்கு டிரக் விற்கிற வியாபாரம். எங்கள் கூடாரம், தண்ணீர், துண்டு, கோப்பை எல்லாம் அவர் உபயம். மகள் ஹார்ப்பர் சுமாராக ஆடுவாள். அவளே அதை ஒப்புக்கொள்வாள்.

"என்னப்பா லோவெல், அந்த ஒரு சீட்டை எவளுக்காவது தூக்கிக் குடுத்துடாதே. ஹார்ப்பர் இல்லேன்னா எங்க கூடாரத்துல உக்காந்து நாங்க யாருக்குக் கை தட்டறது? உனக்கா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். "சரி, ரஸ்" என்றேன். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்ததாக ஞாபகம். அப்போது பரிமாறுகிற பெண் வந்து இனிப்பு டீ இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். அவளிடமும் சரி என்றேன்.

பெயர்கள் வெளியான மாலை கர்டிஸ் வந்தார். தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்தார்.

"பரவால்ல, லோவெல். பெஞ்சு இருக்கில்ல. எங்களுக்கு உக்காந்து பழக்கம்தான்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். நான் கொடுத்த அநியாயத்தை நானே திரும்ப வாங்குவது இது முதல் முறையல்ல. மூன்று வருடத்துக்கு முன் ஒரு டாக்டர் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன். அன்று காலை அவளுக்கு நானே லெமனேடு கலந்து கொடுத்தேன். பேதி மருந்து, அளவாகத்தான். அவள் ஒரு நாள் படுத்திருந்தாள். பெஞ்சிலிருந்த பெண் உள்ளே போய் முதல் சுற்றிலேயே தோற்றாள். ஆனால் ஆடினாள், அதுதானே முக்கியம். அடுத்து வந்த குடும்பம் சர்க்கரை சேர்க்காத குடும்பம். அவர்கள் வீட்டுத் தண்ணீரைத் தவிர வேறெதையும் பிள்ளை தொடாது. அந்த வருடம்தான் ஆணியைப் பற்றி யோசித்தேன். மணிக்கட்டில் சின்ன முறிவு. நல்ல வயது, சீக்கிரம் கூடிவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பூங்கொத்து அனுப்பினேன். அவள் அம்மா நன்றி சொல்லி, 'பை' என்கிற இனிப்புப் பண்டம் சுட்டு அனுப்பினார். பீக்கன் பருப்பு போட்டது. முழுவதும் சாப்பிட்டேன்.

யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டவருக்குக் கிடைத்தது. தகுதியுள்ளவளுக்கும் கிடைத்தது. இதைவிட நியாயமாக ஒரு வைல்டு கார்டை யாரால் கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆணியைப் பற்றி. எங்களுடையது பச்சைக் களிமண் தரை. அதில் கோடு வரைய முடியாது. வெள்ளை நாடாவைப் போட்டு ஆணி அடித்து இறுக்கியிருப்போம். மழை பெய்து காய்ந்தால் ஆணி மேலே எழும்பும், நாடா தளரும். ஓடிவருகிற கால் அதில் மாட்டினால் ஆள் விழ வேண்டியதுதான். அதனால் தினமும் காலையில் ஒருவர் சுத்தியலோடு ஒவ்வொரு கோடாக நடந்து, எழும்பியதைத் தட்டி இறக்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான். அன்றைக்கு ஆறாம் நம்பர் கோர்ட்டில் மட்டும் சுத்தியலின் மறுபக்கத்தை, ஆணி பிடுங்குகிற பக்கத்தை, உபயோகித்தேன். தானாக எழும்பியிருக்கலாமே என்று கேட்டீர்கள். அந்த வாரம் மழையே இல்லை, மேடம்.

ஆறாம் நம்பர் ஸ்ட்ரிக்லண்ட் கூடாரத்தை ஒட்டியது. மரங்களுக்கு நடுவே கிழக்கு மேற்காகக் கோணலாகப் போட்டது. ஹார்ப்பர் எப்போதும் அங்கேதான் பயிற்சிக்கு இறங்குவாள். எப்போதும் கூடாரப் பக்கம்தான் நிற்பாள், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்பதால். அந்தப் பக்கத்துக் கடைசிக் கோட்டில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு கை நீளத்துக்குத் தளர்த்தினேன். கணுக்காலில் ஒரு சுளுக்கு. அதற்குமேல் நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை.

சுத்தியலைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். ஹார்ப்பர் வந்தாள். தனியாக. சடையின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் லோவெல், நான் ஆடல. என் எடத்தை இமானிக்குக் குடுத்துடுங்க."

"ஏம்மா? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அவதான் ஆடணும். ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும், எனக்கு எப்படிக் கெடைச்சுதுன்னு. 'கூடாரத்துக்குக் கீழ மொளைச்சவ'ங்கறாங்க. எனக்கே வெக்கமா இருக்கு."

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"நீங்க சொல்லிடுங்களேன். நான் சொன்னா கத்துவாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவள் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். ரஸ்ஸிடம் போய், உன் மகள் ஆட விரும்பவில்லை என்று சொல்ல வேண்டும். ரஸ் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்தேன். அந்த வேலைதான் வேறு வழியில் ஏற்கெனவே முடிந்திருக்கிறதே என்றும் நினைத்தேன்.

"பார்க்கலாம்மா. நீ போய் முதல்ல கொஞ்சம் அடிச்சு உடம்பைச் சூடாக்கிக்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால் நடந்துவிடும் என்று நம்புகிற வயது. நேரே பெஞ்சுக்கு ஓடினாள்.

"ஏய் இமானி, எந்திரி. வா, என்கூட வந்து அடி. இன்னிக்கு நீதான் ஆடப்போற, பாரு."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். அந்தப் பையை எறக்கு முதல்ல. குழந்தை மாதிரி தூக்கி வெச்சிருக்க."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆறாம் நம்பருக்குப் போனார்கள். என் மேசையிலிருந்து அந்தக் கோர்ட் நன்றாகத் தெரியும். இமானி வெயில் முகத்தில் அடிக்கிற பக்கம் போனாள். ஹார்ப்பர் வலைக்கு மேலே கையை ஆட்டினாள்.

"அங்க வேணாம், கண்ணு கூசும். நீ இங்க வா. இன்னிக்கு நீதான் விருந்தாளி."

பக்கம் மாறிக்கொண்டார்கள்.

எழுந்தேன். கத்த வேண்டும் என்று தோன்றியது. என்னவென்று கத்துவது? நில்லுங்கள் என்றால் ஏன் என்பார்கள். கோடு தளர்ந்திருக்கிறது என்றால், இப்போதுதானே சுத்தியலோடு சுற்றினீர்கள் என்பார்கள். இதற்கெல்லாம் நேரம் இருந்தது, மேடம். அவர்கள் முதலில் மெதுவாகத்தான் அடித்தார்கள். இமானி இன்னும் கடைசிக் கோட்டுக்குப் போகவில்லை. அப்போது ரஸ் வந்தார்.

"இந்தா லோவெல், சூடா இருக்கு. சாசேஜ் வெச்ச பன்னு. நின்னுக்கிட்டே என்னத்தை வேடிக்கை பாக்கற? உக்காந்து சாப்பிடு."

வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்தேன். இரண்டாவது வாய் சாப்பிடும்போது ஹார்ப்பர் ஒரு பந்தை ஆழமாக அடித்தாள். இமானி சறுக்கிப் போனாள், எப்போதும் போல, அழகாக. உடம்பு போன திசையில் கால் வரவில்லை.

முழங்கால். உள்ளே இருந்த எல்லாத் தசைநாரும் அறுந்துவிட்டதாம், மூட்டும் விலகிவிட்டதாம். நடப்பாள் என்கிறார்கள். ரஸ்தான் அவளைத் தூக்கிப் போய்த் தன் டிரக்கில் படுக்க வைத்தார். வழியெல்லாம் அந்தப் பெரிய மனிதர் அழுதாராம். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஹார்ப்பர் ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அவளே அப்பாவிடம் சொன்னாள், அவர் கத்தவும் இல்லை. பெஞ்சில் இரண்டாவதாக இருந்த பெண் உள்ளே போனாள். விதிப்படிதான் எல்லாம் நடந்தது.

மருத்துவமனையில் கர்டிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அவளுக்காகப் பேசறதா இருந்தீங்களாம், ஹார்ப்பர் சொல்லிச்சு. நன்றி, லோவெல்" என்றார். இல்லை என்று எப்படிச் சொல்வது? பரவாயில்லை என்றேன்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்டீர்கள். மரியாதையாக, காபி கொடுத்துக் கேட்டீர்கள். வேறு யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். லெமனேடும், மணிக்கட்டும், இதுவும். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். உண்மையில் களைத்துவிட்டேன்.

ஒரே ஒரு உதவி. அடுத்த வருடத்து வைல்டு கார்டை இமானிக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். வயது தாண்டிவிடுகிறதே என்றார் கர்டிஸ். பதினாறு வயதுப் பிரிவில் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குப் பின் வருகிறவரிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். அவளால் ஓட முடியாது என்று டாக்டர் சொல்கிறார், தெரியும். ஆனாலும் வந்து அந்தப் பட்டியலில் தன் பெயரைப் பார்க்கட்டும். பார்த்தால் சந்தோஷப்படுவாள். எனக்கு அது போதும். பதினோரு வருடம் இந்த வேலை பார்த்துவிட்டேன், மேடம், இன்று வரை ஒருவர் மனதைக்கூட நான் நோகடித்ததில்லை.