இருநூறு பேரும் "கண்டிப்பா"

தங்கை: அப்படின்னா, இந்த இருநூறு படிவத்தையும் உன் கறிக்கடைக்கு வந்தவங்கதான் நிரப்பினாங்க?

அண்ணன்: பின்னே? வரிசையில நின்னு நிரப்பினாங்க, டாக்டரம்மா.

தங்கை: இன்னும் டாக்டர் ஆகல. ஏண்ணே, இருநூறு பேருக்கும் ஒரே கையெழுத்தா இருக்கே...

அண்ணன்: எல்லாம் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சவங்க!

தங்கை: "ஹலால் முத்திரை இல்லாத கடையில கறி வாங்குவீங்களா?" இருநூறு பேரும் "கண்டிப்பா". சரி. "இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாதீங்க"ன்னு ஒண்ணு வச்சிருந்தேன். அதுக்கும் "கண்டிப்பா"!

அண்ணன்: மரியாதை தெரிஞ்ச ஜனங்கம்மா... அது போகட்டும், உன் ஆராய்ச்சி என்ன சொல்லுது?

தங்கை: ஹலாலைப் பத்தி முன்னூத்திப் பன்னெண்டு ஆய்வுக் கட்டுரை படிச்சேன். முதல்ல எல்லாரும் இறைச்சியைப் பத்தி எழுதினாங்க. அப்புறம் மாத்திரை, சோப்பு, சுற்றுலா... இப்போ கறி பாக்கெட்டைப் போன்ல காட்டினா ஆடு எங்க வளர்ந்துச்சு, யார் அறுத்தாங்கன்னு வரணுமாம்.

அண்ணன்: ஆட்டோட தாய்மாமன் பேரும் வருமா?

தங்கை: சிரிக்காதே. இனிமே எதை ஆராயணும்னு சொல்றதுதான் என் கடைசி அத்தியாயம். நாளைக்குப் பல்கலைக்கழகக் குழு முன்னாடி வைக்கணும். இந்தப் படிவத்தைக் காட்டினா பட்டம் போச்சு.

அண்ணன்: ...அவ்வளவு பெரிய விஷயமா? நான் ஏதோ...

தங்கை: நீ ஏதோ?

அண்ணன்: அந்த முன்னூத்திப் பன்னெண்டுல அறுக்கிறவன்கிட்ட எத்தனை பேர் கேட்டிருக்காங்க?

தங்கை: ஏழே பேர். பேச்சை மாத்தாதே!

அண்ணன்: சமைச்சவளை விட்டுட்டுச் சாப்பிட்டவனையே விசாரிச்ச கதையால்ல இருக்கு!

தங்கை: அண்ணே... ஏன் நீயே நிரப்பினே?

அண்ணன்: நீ ஆசையா கேட்டே. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. கடையில கூட்டம் கொஞ்சம்... கம்மி.

தங்கை: எவ்வளவு கம்மி?

அண்ணன்: எதிர்ல முத்திரை ஒட்டின பெரிய கடை வந்துச்சில்ல... இருபது வருஷமா என் முகத்தைப் பார்த்து வாங்கினவங்க இப்போ முத்திரையைத் தேடுறாங்க. என்கிட்ட ஏது? கடையைச் சாத்தி மூணு வாரமாச்சு. நீ படிப்பை முடிச்சப்புறம் சொல்லிக்கலாம்னு...

தங்கை: தெரியும். போன வாரம் படிவத்தை வாங்க வந்தேன், ஷட்டர்ல பூட்டு தொங்குச்சு. வீட்டுக்குப் போய் பழைய கடைசி அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, முத்திரை இல்லாம மூடின கடைங்களைப் பத்திப் புதுசா எழுதினேன். இன்னும் ஒரே ஒரு பேட்டிதான் பாக்கி. இப்பச் சொன்னதை முதல்லேர்ந்து சொல்லுண்ணே, எழுதிக்கிறேன்.