மறைத்ததை மறுபடி சென்று சொன்னவருக்கு

சமூகவியல் துறையின் சால்பே, சொல்லுக்கு முன் செயலை நிறுத்தும் சான்றாண்மையே, பேராசிரியை அவர்களே, வணக்கம்.

முப்பத்தோராண்டுப் பணி நிறைத்து இன்று விடைபெறுகிறீர்கள். உங்கள் பட்டங்களையும் பதவிகளையும் பாராட்டப் பலர் உண்டு. உங்கள் பிழை ஒன்றையும், அதை நீங்கள் நேர்செய்த நேர்மையையும் போற்றவே நாங்கள் விழைகிறோம்.

ஆய்வு மாணவியாக இருந்தபோது, அதை மறைத்து, ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பத்து மாதம் வேலை பார்த்தீர்கள். நீராவி நிறைந்த அந்த அறையில், விரிப்பின் ஒரு முனையை நீங்களும் மறுமுனையை உடன் வேலைசெய்த அக்காவும் பிடித்து மடித்தீர்கள். இயந்திர இரைச்சலில் தம் காது மந்தமாகி வருவதையும், மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதையும் உங்களிடம் மட்டும் சொல்லி அவர் அழுதார். நீங்களும் அழுதீர்கள். பிறகு கழிவறைக் கதவைத் தாழிட்டுக் குறிப்பேட்டில் எழுதினீர்கள்.

ஆய்வேடு அச்சேறும் முன், மனம் பொறுக்காமல் அவர் வீட்டுக்குப் போனீர்கள். மெல்லச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி, "உங்கள ஏமாத்திட்டேன் அக்கா" என்று உரக்கச் சொல்ல நேர்ந்தது.

"அன்னைக்கு அழுதியே, அதுவும் எழுதுறதுக்குத்தானா?"

"இல்லக்கா. ஆனா எழுதினேன்."

தம்மைப் பற்றிய பக்கங்களை எடுத்துவிடச் சொன்னார். பெயரை மாற்றினால் போதுமே என்றார் உங்கள் நெறியாளர். அந்தக் கூடத்தில் காது மந்தமானவர் ஒருவர்தான், எந்தப் பெயர் வைத்தாலும் அது அவரே என்று மறுத்து, ஆய்வேட்டின் ஆகச்சிறந்த இயலை அகற்றினீர்கள். பட்டம் இரண்டாண்டு தள்ளிப்போனது.

ஏமாற்றிய கதையை ஒவ்வோராண்டும் மாணவர்க்கு உரைத்த நீங்கள், அக்காவின் இரகசியத்தை ஒருநாளும் உரைத்ததில்லை. நாங்கள் அவரைத் தேடிக் கண்டு, இங்கே வாசிக்க ஒப்புதல் கேட்டபோது, அந்த இரகசியத்தை அவரே எங்களிடம் சொன்னார். உங்களிடமிருந்து கற்ற நாங்கள் கேட்காமல் எழுதுவோமா?

"வாசிங்க. நான் வேலைய விட்டு ரொம்ப நாளாச்சு. மன்னிச்சுட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க, அத நான் இன்னும் சொல்லல. அவளுக்கும்தான் வேலை முடிஞ்சிடுச்சே, ஒருநாள் வரச் சொல்லுங்க."

அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சேர்த்துவிட்டோம். போய்வர உடலில் உரமும், பேச நிறையப் பொழுதும் பெற்று, பல்லாண்டு நலமோடு வாழ வாழ்த்துகிறோம்.

அன்பில் அகலாத,
துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்