டீக்கு ஒரு டேங்கு

"டீ அடிக்க எதுக்கு மதினி புது டேங்கு?"

போடியில், ஆள் சேரட்டும் என்று நின்றுகொண்டிருந்த மலை ஜீப்பில் என் முன்சீட்டுக்காரர் கேட்டார். கையில் பாதி குடித்த டீ. பக்கத்தில் அவருடைய அண்ணன் மனைவி. அந்த அம்மா மடியில் புத்தம்புதுக் கைத்தெளிப்பான் டேங்கு.

"மக்குன உரத்த ஊறவச்சு வடிச்ச டீ தம்பி. அதுல உசுரு இருக்கு. ஏலச்செடிக்கு அத அடிக்கத் தனி டேங்குதான் வேணும்."

"வீட்ல பேட்டரி டேங்கு சும்மாதான கெடக்கு?"

"அது பூச்சிமருந்து அடிச்சது. மிச்சம்மீதி பட்டாலே இதுல உள்ள உசுரெல்லாம் செத்துப்போகும்."

"நாந்தான் நல்லா அலசி வச்சிருக்கேன்ல. வாடகூட இல்ல. கொண்டாங்க, வெரசா கடையில திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்."

"போன மழையில அழுகல் வந்து பாதிச் செடி போச்சு. எம்புட்டு மருந்து அடிச்ச, நின்னுச்சா? இந்தத் தடவ நான் சொல்றதுதான்."

"சத்தியமா சுத்தமா இருக்கு மதினி."

"அப்பச் சரி. வீட்டுக்குப் போனதும் அந்த டேங்குலயே உனக்கு டீ ஊத்தித் தர்றேன். நீ குடிச்சிரு, நாளைக்கு நானே இதத் திருப்பிக் குடுத்துர்றேன்."

முன்சீட்டுக்காரர் தன் கையிலிருந்த டீயைப் பார்த்தார். மீதியைக் குடிக்கவில்லை.

ஜீப் கிளம்பியபோது புது டேங்கு அவர் மடியில் இருந்தது.