சின்ன ஹாலுக்கு எட்டு இஞ்ச் ஸ்பீக்கர்

வீட்டில் பாட்டுப் போட ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கடையில் கேட்டுவிட்டு வாங்கிவிடுகிறார்கள். கடை வேறு, வீடு வேறு. எந்தப் பெட்டியானாலும் அது நிற்கப்போகிற அறையில் வைத்துத்தான் கேட்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை நான் என்பதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் ஹால் பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆபீஸ் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். வாரம் முழுக்கக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற நான், அன்று மூன்று மணி நேரம் டிஜே. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து ஒட்டுத் தெரியாமல் சேர்க்க வேண்டும். ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது. நின்றால் ஆளாளுக்கு போனை எடுத்துவிடுவார்கள். ஆபீஸில் என்னை 'ஃபைலு' என்று கூப்பிடுகிறவர்கள் அந்த மூன்று மணி நேரம் மட்டும் 'மாஸ்டர்' என்றார்கள். அதற்காக எதையும் செய்யலாம் என்று இருந்தது.

ஹாலை ஒட்டிய அறையில் அக்கா இருந்தாள். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள். எனக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. சின்ன வயதிலிருந்தே வீசிங் வேறு. எது வேண்டுமென்றாலும் இடது கையில் ஸ்பூனை எடுத்துச் சுவரில் தட்டுவாள். தட்டினால் போக வேண்டும். தண்ணீர், தலையணை, பெட் பேன், இன்ஹேலர்.

ஒரு ஞாயிறு, பாட்டு சூடுபிடிக்கிற நேரத்தில் தட்டினாள். பெட் பேனோடு ஹாலைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போக வேண்டும். யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் என்னைக் கூனிக் குறுக வைத்தது. என்னைக் குளிப்பாட்டிவிட்டவளை நினைத்து வெட்கப்பட்டேன். அப்படி வெட்கப்பட்டதை நினைத்தால் இப்போது உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

அடுத்த வாரம் ஸ்பீக்கர் கடைக்குப் போனேன். ஒயர் இல்லாதது வேண்டாம் என்றேன். அதில் சத்தம் ஒரு கணம் பிந்தி வரும், வேகம் சேர்க்க முடியாது. கடைக்காரர் விஷயம் தெரிந்தவர்.

"நீங்க சொல்ற ஹாலுக்கு அஞ்சு இஞ்ச்சே தாராளம் சார். சும்மா தெளிவா இருக்கும். பாட்டு ஓடும்போதே பக்கத்து ரூம்ல கூப்பிட்டாக்கூடக் காதுல விழும்."

"எட்டு இஞ்ச்?"

"அதெல்லாம் மொட்டை மாடிக்கு சார். சின்ன ஹால்ல வெச்சீங்கன்னா கதவை இடிச்சாக்கூடக் கேக்காது. அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க."

நான் திட்டவில்லை. இரண்டு ஜோடியையும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

அன்று மாலை அக்காவிடம் போய், "அக்கா, பாட்டுப் போட்டா நீ தட்டுறது கேக்குதான்னு பாக்கணும். விடாம தட்டிக்கிட்டே இரு" என்றேன். அவளுக்கு ஒரே பூரிப்பு. வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். தம்பிக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்திருப்பாள்.

ஐந்து இஞ்சில் ஒவ்வொரு தட்டும் கேட்டது. எட்டு இஞ்சில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். சொன்ன சொல் தவறாமல் தட்டிக்கொண்டிருந்தாள், நெற்றி வியர்த்திருந்தது. "போதும்க்கா. இதுல நல்லாக் கேக்குது" என்றேன். ஐந்து இஞ்ச்சைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆளைக் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. மூன்று மணி நேரம் காதில் விழாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அக்கா போன அந்த ஞாயிறு என் மனைவிக்கு மருந்துக்கடையில் பகல் டியூட்டி. இன்ஹேலர் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். எப்போது விழுந்தது என்று தெரியாது என்றேன். எனக்குத் தெரியும், மூன்றே காலுக்குக் கொஞ்சம் முன்னால். அப்போதுதான் தட்ட ஆரம்பித்தாள்.

இவ்வளவு யோசித்தவன் ஒன்றை யோசிக்கவில்லை. என் மேஜை அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்தது. காதுக்கு வராதது மேஜை வழியாக உள்ளங்கைக்கு வந்தது. வழக்கமாக மூன்று தட்டுத் தட்டிவிட்டு நிறுத்துவாள். அன்று நிறுத்தவில்லை. தாளம் விலகிக் குரல் மட்டும் ஒலிக்கிற இடத்தில் அது வெளியேயும் கேட்டுவிட்டது.

"என்ன மாஸ்டர், டக்கு டக்குன்னு?" என்றார் எங்கள் ஆபீஸ் கேஷியர்.

"பாட்டுலயே இருக்கு" என்றேன்.

நீங்கள் விசாரித்தபோது, "ஸ்பீக்கர் சத்தத்துல எதுவும் கேக்கல சார்" என்றேன். வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. என் மனைவி அந்தப் பெட்டிகளை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டாள். தினமும் சாப்பாடு போடும்போது, "நீங்க என்னங்க பண்ணுவீங்க? காதுல விழுந்திருந்தா ஓடியிருக்க மாட்டீங்களா? பாழாப்போன பொட்டி" என்கிறாள். அவள் வைதிருந்தால் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டேன்.

பெட்டியின் மேல் தப்பில்லை. கேஷியரிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று பாட்டின் வேகத்தைக் குறைத்தேன். நிமிடத்துக்கு நூற்றுப் பத்துத் தட்டில் ஓடிக்கொண்டிருந்ததை நூற்று நான்குக்குக் கொண்டுவந்தேன். அவள் தட்டுவது தாளத்தின் மேல் சரியாக விழுந்தது. எல்லோரும் அதற்குக் கை தட்டினார்கள். கேஷியர் விசில் அடித்தார். தட்டு தளர்ந்தது. ஒரு கையை மேஜையில் வைத்துக்கொண்டு மறு கையால் தொண்ணூற்று ஏழுக்கு இறக்கினேன். பிறகு தொண்ணூறு. பிறகு எண்பத்து நான்கு. யாருடைய காலும் இடறவில்லை.

மூன்று ஐம்பதுக்கு மேஜை அடங்கியது. சேர்ந்துபோக வேண்டியது எதுவும் இல்லாததால் வேகத்தைப் பழையபடி நூற்றுப் பத்துக்கு ஏற்றினேன்.