மாதத்தின் முதல் சனிக்கிழமை

முதலில் ஒரு சின்னத் திருத்தம் சார். தாளில் என் வயதை அறுபத்தெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். போன மாதமே எனக்கு அறுபத்தொன்பது முடிந்துவிட்டது. குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்திய கண், சும்மா இரு என்றால் இருக்காது.

ஏழு மாதத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிச் சரிவில் நடந்த விபத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். பழைய பச்சைக் கார், கிடங்குச் சுவரில் மோதியது. ஓட்டியவன் என் மகன். வண்டி பழையது, பிரேக் பிடிக்கவில்லை, யார் மேலும் தவறில்லை என்று எழுதி இதே ஸ்டேஷனில் நீங்களே கோப்பை மூடினீர்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. நான் நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. அவள் இருந்தவரை மகன் மாதம் தவறாமல் வருவான். அவள் போன பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை என்று ஆனது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஃபோனில் "சாப்டீங்களாப்பா" என்பான். "சாப்டேன்டா" என்பேன். அதற்குப் பிறகு ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கேட்டுக்கொண்டிருப்போம். கடைசியில் அவன் "சரிப்பா, வெச்சிடறேன்" என்பான். நாள் முழுக்க அந்த அழைப்புக்குக் காத்திருந்தவன் நான். என்ன பேசலாம் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கூட வைத்திருப்பேன். வாய் வராது.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அந்தக் கார் கிடந்தது. ஒரு பல் டாக்டரிடம் இரண்டாம் கையாக வாங்கியது. பையன் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனான். பத்து வருடமாக ஓடவில்லை, பதிவும் காலாவதியாகிவிட்டது. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒருநாள் அவனாகவே கூப்பிட்டான்.

"அப்பா, நம்ம வண்டிக்கு அம்பது வயசு தாண்டிருச்சுல்ல? அப்படிப்பட்ட வண்டிக்கு ஆன்டிக் பிளேட்னு தனியா குடுக்கறாங்களாம். ரெடி பண்ணிப் பாக்கலாமா?"

அன்றைக்கு நாங்கள் நாற்பது நிமிடம் பேசினோம். ஃபோனை வைத்த பிறகு நான் சமையலறையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஆன்டிக் பிளேட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐம்பது வயது முடிந்த வண்டிக்கு வேறு நிறத்தில் ஒரு நம்பர் பிளேட். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ரிப்பேருக்கும் மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். எல்லாப் பாகமும் பிறந்தபோது இருந்தது போலவே இருக்க வேண்டும். சீட் பெல்ட் இல்லாமல் பிறந்த வண்டிக்கு சீட் பெல்ட் போடக் கூடாது. பதிவு அலுவலகத்தில் இதற்கென்று ஒரே ஒரு அதிகாரி. மாதத்தில் முதல் சனிக்கிழமை மட்டும் பார்ப்பார். தவறவிட்டால் அடுத்த மாதம்தான்.

அவன் வாராவாரம் வர ஆரம்பித்தான். வெள்ளி ராத்திரி பஸ் பிடித்தால் சனிக்கிழமை காலையில் வாசலில் நிற்பான். அவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வான். நான் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து பழைய கையேட்டை உரக்க வாசிப்பேன். "பன்னெண்டு" என்று கையை நீட்டுவான், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுப்பேன். "அப்பா, கமா ஃபுல்ஸ்டாப்புக்கெல்லாம் நின்னு நின்னு படிக்காதீங்க, எண்ணெய் கண்ணுல ஊத்துது" என்று கத்துவான். நானும் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். அவன் சிரிக்கும்போது வண்டியே குலுங்கும். அவன் அம்மா இருந்தபோதுகூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை.

எட்டு மாதத்தில் வண்டி தயாரானது. லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால் எப்போதும் லாரிதான். அந்த அதிகாரி ஒரு மெல்லிய தாளை, வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்ப்பார், எண்கள் தாளில் எழும்பி வரும். அதைப் பழைய பதிவுப் புத்தகத்தோடும் விண்ணப்பத்தோடும் ஒத்துப் பார்ப்பார். என் ஜாதிக்காரர் என்று நினைத்தேன், பிழை பிடிக்கிற ஜாதி. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பென்சில் சார். முதல் தடவை இண்டிகேட்டர் விளக்கு அசல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதில் என் கை எதுவும் இல்லை.

திரும்பும் வழியில் மகன் சொன்னான், "விடுங்கப்பா. இன்னும் நாலு வாரம் வந்தா முடிஞ்சிடும்."

நாலு வாரம். அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது சார். பிளேட் கிடைத்துவிட்டால் அவன் எதற்கு வருவான் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த முறை விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். சேசிஸ் நம்பரில் ஒரு மூன்றை எட்டாகப் போட்டேன். பிழை எங்கே இருந்தால் கண்ணில் படாது என்று எனக்குத் தெரியும், மகன் இரண்டு தடவை பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. பென்சில் சார் கண்டுபிடித்தார். நாலு வாரம் கிடைத்தது. அதற்கடுத்த முறை அசல் பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, காணவில்லை என்று சொல்லிப் புதியதை மாட்டினேன். அசலைத் தேடி இரண்டு பேரும் பழைய சாமான் கடைகளில் அலைந்தோம். மழையில் நனைந்து ஒரே குடையில் வந்த நாள் அது. கண்ணாடி அப்புறம் பரணில் கிடைத்தது, தூக்கிப் போட்டதை நான் மறந்துவிட்டேனாம். அவன் தலையில் அடித்துக்கொண்டான். இன்னொரு தடவை, வண்டியின் புகைப்படத்தில் ஆள் யாரும் இருக்கக் கூடாது என்று தெரிந்தே, ஓரத்தில் என் முழங்கை தெரியும்படி நின்றேன். இதிலெல்லாம் யாருக்கு என்ன நஷ்டம்?

அதற்குப் பிறகுதான் மருமகள் ஃபோன் செய்தாள். "மாமா, எனக்குத் தூரமா ஒரு ஊர்ல வேலை கெடச்சிருக்கு. அவரும் அங்கயே மாத்திக்கிறாரு. ட்ரெயின்ல ஒரு ராத்திரி, அரைப் பகல் ஆகும். அடுத்த மாசம் இருபதாம் தேதி கெளம்பறோம்." நல்ல பெண். என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள்.

மகனிடம் கேட்டேன். "பிளேட்ட மாட்டிட்டுத்தான்பா போவேன். பாதியில விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்றான். அவன் சுபாவம் அப்படி. எடுத்த வேலையை முடிக்காமல் நகர மாட்டான். ஆகவே வேலை முடியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் எனக்கு வழி.

பென்சில் சார் அலுவலக முற்றத்தில் வண்டியைப் பத்தடி ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பார்ப்பார். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பில் ஒரு நட்டு. மகன் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முறுக்கியது. அந்தப் பழைய வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஓரிடத்தில் கசிந்தால் மொத்தமும் போய்விடும். சோதனைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை அந்த நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். சீட்டில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன். நாலு முறை பிடித்தது. ஐந்தாவது முறை பெடல் தரையைத் தொட்டது. தரையைத் துடைத்தேன். பிரேக் ஆயிலை மறுபடி நிரப்பி, பைப்பிலிருந்த காற்றை எடுத்து, பெடல் பழையபடி ஆகும்வரை சரிசெய்தேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. லாரியில்தானே போகப் போகிறது, முற்றத்தில்தானே தோற்கப் போகிறது.

மறுநாள் காலையில் லாரிக்காரர் வரவில்லை. டயர் பஞ்சராம்.

"ரெண்டு கிலோமீட்டர்தானேப்பா. ஓட்டிட்டே போயிடலாம். இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்" என்றான் மகன்.

"வேணாம்டா, பதிவில்லாத வண்டி" என்றேன். ஒரு தடவை சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே சாவியைப் போட்டுவிட்டான். "ஏறுங்க" என்றான்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் ஏறவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருகிறேன் என்றேன். வீடு பூட்டித்தான் இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். அவன் வெளியே எடுத்து, எனக்காக ஒரு முறை நின்று கையாட்டினான். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று. தையல்கடை முனையில் எரிந்தது. இரண்டு. ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள், அவளுக்காக நிறுத்தினான். மூன்று. பிறகு வண்டி திரும்பிவிட்டது. அந்தப் பக்கம் வேகத்தடை ஒன்று, அதைத் தாண்டினால் சரிவு. அவனுடைய ஜன்னல் கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. மூன்று வரைக்கும் நான் கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும்.

ஏன் கூப்பிடவில்லை என்றால், கூப்பிட்டு என்ன சொல்வது? நட்டைச் சொன்னால் எட்டையும் கண்ணாடியையும் முழங்கையையும் சொல்ல வேண்டி வரும். அவன் அந்த ஒரு வருடத்தையும் முதலிலிருந்து திருப்பிப் படித்துப் பார்ப்பான். நாங்கள் சிரித்ததெல்லாம் அவனுக்கு வேறு மாதிரி தெரியும். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. தாங்கத்தான் முடிந்திருக்காது.

சரிவின் அடியில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் மேல் ஏறாமல் இருக்க அவன் ஸ்டியரிங்கைச் சுவர்ப் பக்கம் ஒடித்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து என்ன சொன்னான் தெரியுமா? "உங்க வண்டிய ஒடச்சிட்டேன்பா. நான்தான் அந்த நட்ட சரியா முறுக்கல போல." நான் அவன் நெற்றியைத் தடவி, "விடுடா, வண்டிதானே" என்றேன். ஏழு மாதமாக அவன் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். சில நாள் பகலில் விரலை மட்டும் முறுக்கிக்கொண்டே இருப்பான், ஸ்பேனரைப் பிடிப்பது போல. எத்தனை சுற்று என்று கணக்குப் பார்க்கிறான் போலிருக்கிறது. அதைப் பார்த்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

மற்றபடி அவனை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். முன்னறையில் கட்டில் போட்டேன். முகம் மழிப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நானே. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மருமகள் எவ்வளவோ சொன்னாள், நான் விடவில்லை. காலையில் செய்தித்தாளைப் படித்துக்காட்டுவேன். கமாவுக்கெல்லாம் நிறுத்துவேன். ஒரு நாளும் அவன் கத்தவில்லை. இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதானே வந்தேன், சொல்கிறேன்: என் மனைவி போன பிறகு அந்த வீட்டில் நான் நிம்மதியாகத் தூங்கியது இந்த ஏழு மாதம்தான்.

மருமகள் புது ஊரிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து போவாள். போன வாரம் வந்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள், "எடம் கெடச்சிடுச்சு மாமா. அங்க ஒரு ஆஸ்பத்திரில நிக்க வெச்சு நடக்கப் பழக்குறாங்களாம். நாளாகும், ஆனா நடந்துடுவாருன்னு டாக்டர் நம்பிக்கையா சொல்றாரு. இனிமே எங்ககூடவே இருக்கட்டும். நீங்க அப்பப்ப வந்து பாருங்க."

அவன் முகத்தைப் பார்த்தேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். "நடந்தேன்னா வந்து உங்க வண்டிய மறுபடி எடுத்து நிறுத்தறேன்பா" என்றான்.

மனசாட்சி உறுத்தியதால் வந்ததாக எழுதிக்கொள்ளுங்கள். அது பொய் இல்லை. தப்பித்துக்கொள்ளவும் நான் வரவில்லை. எத்தனை வருடம் ஜெயில் கொடுத்தாலும் இருந்துவிட்டு வருகிறேன், வராமலே போனாலும் சரி. அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என் வாயால் முடியாது.

ஒரே ஒரு விஷயம். கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் கடையில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருப்பார், அவரிடம் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். இப்படி ஒரு கேஸ் என்றால் அடிபட்டவன்தான் முதல் சாட்சியாம். கூப்பிட்ட நாளெல்லாம் வந்தாக வேண்டுமாம். விசாரிக்கும் அதிகாரி மனம் வைத்தால், கேஸ் முடியும்வரை சாட்சி ஊரை விட்டுப் போகாமல் நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறதாம். மாதத்துக்கு ஒரு வாய்தாவாவது இருக்கும் என்றார். இழுத்துக்கொண்டே போகும் என்றார். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். என்னைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வான், தெரியும். ஆனாலும் ஒரே அறையில் இருப்போம் இல்லையா சார்?

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சாட்சி ஊரை விட்டுப் போகக் கூடாது என்கிற அந்த ஒரு வரியை மட்டும் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவனைக் கூட்டிப்போக வேன் வருகிறது.