பிரசிடெண்டு பாட்டுக்கு ஏத்த கீபோர்டு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பாட்டுக் கச்சேரி நடத்தும் புருசன் பொண்டாட்டி. இருவர் மடியிலும் குறுக்கே ஒரு புதுக் கீபோர்டு.

"ஏங்க, நம்மூரு பிரசிடெண்டு மேடையேறிப் பாடுனா இது தாங்குமா?" என்றது அந்தம்மா.

"தாங்கும். அவரு எந்தச் சுருதியில ஆரம்பிச்சாலும் இந்தப் பட்டனை அமுக்குனா கீபோர்டும் அங்க வந்துரும்."

"சரணத்துல வேற சுருதிக்குத் தாவுவாரே?"

"மறுபடி அமுக்குவேன்."

"நிறுத்தவே மாட்டாரே! போன திருவிழாவுல எனக்கு ஒரு பாட்டுகூட மிஞ்சல."

"அதுக்குத்தான் இதைப் பார்த்து எடுத்தேன். இதுல கைதட்டல் சத்தமும் இருக்கு. பல்லவி முடிஞ்சதும் தட்டி விட்டா, பாட்டு முடிஞ்சிருச்சுன்னு கும்பிட்டுட்டு எறங்கிருவாரு."

அந்தம்மா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். சிரித்து ஓய்ந்ததும் புருசனிடம் விரலை நீட்டியது.

"நான் பாடுறப்ப அந்தக் கைதட்டல் பட்டன்ல கை வச்சீங்க, தெரியும் சேதி!"