நாய் திருத்தாது

வெளிநாட்டு நகரமொன்றில், சான்ட்ரிங்ஹாம் புறநகரிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். முன் சீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணும் ஒரு மதுரைப் பெண்ணும். நான் ஜன்னலைப் பார்த்தபடி காதைக் கொடுத்தேன்.

“என்ர மகள் லைப்ரரியில நாய்க்குத் தமிழ் வாசிக்கிறாள்.”

“நாய்க்கா?”

“ஓம். பிள்ளையள் கூச்சமில்லாமல் வாசிக்கட்டும் எண்டு ஒரு நாயைக் கொண்டுவந்து பக்கத்தில இருத்துவினம். முழுக் கதையும் வாசிச்சிட்டாள்.”

“வீட்ல வாசிக்க மாட்டாளா?”

“வீட்டில நான் சொல்லுக்குச் சொல் திருத்துவன். நாய் திருத்தாது.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“புத்தக அலுமாரிக்குப் பின்னால. வாயே திறக்கேல்ல.”

“அடுத்த வாரமும் கூட்டிட்டுப் போறீங்களா?”

“ஓம். எனக்கும் நாயோட ஒரு நேரம் கேட்டு வாங்கிட்டன். இங்கிலிஷ் புத்தகம் வாசிக்கப் போறன். வீட்டில வாசிச்சால் அவள் சொல்லுக்குச் சொல் திருத்துவாள்.”